பட்டனைக் கண்டாலே அலறுகிறாள்

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. ஒரு வருடமாக இருட்டென்றால் பயம். பக்கத்து அறைக்குப் போவதென்றாலும் விளக்கைப் போட்டால்தான் போவாள். பாத்ரூமுக்கு யாராவது கூடப் போக வேண்டும். பயத்தை வெல்லும் குழந்தைகளைப் பற்றிய அனிமேஷன் படங்களைக் காட்டினால் தைரியம் வரும் என்று தோழி ஒருத்தி சொன்னாள். ‘கோரலைன்’ படத்தைப் போட்டேன். கண்ணுக்குப் பதில் பட்டன் தைத்த அம்மா வருகிற இடத்தில் கத்தி அழுதாள். உடனே டிவியை அணைத்துவிட்டேன். பத்து நாளாகிறது. பட்டன் வைத்த உடுப்பைப் போட மாட்டேன் என்கிறாள். தூங்கும்போது என் முகத்தைத் தடவித் தடவிப் பார்க்கிறாள். “முழுப் படத்தையும் பார்க்க வை, நேருக்கு நேர் பார்த்தால்தான் பயம் போகும்” என்கிறார் கணவர். “இனி படமே வேண்டாம்” என்கிறார் மாமியார். நான் என்ன செய்வது? பயத்தைப் போக்க உதவும் படங்கள் என்று உண்மையிலேயே ஏதாவது உண்டா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் மகள் தூக்கத்தில் உங்கள் முகத்தைத் தடவிப் பார்க்கிறாள் என்று படித்தபோது மனதைப் பிசைந்தது. அம்மாவின் கண் கண்ணாகவே இருக்கிறதா என்று விரலால் பார்த்துக்கொள்கிறாள். ஆறு வயதுக் குழந்தை தனக்குத் தெரிந்த வழியில் பயத்தைச் சமாளிக்கிறது. தடுக்காதீர்கள். அவள் விரலை எடுத்து உங்கள் இமைமேல் வைத்து, “அம்மா கண்ணுதான், பாரு, சிமிட்டுது” என்று சொல்லுங்கள். அவள் கை தானாக இறங்கிவிடும்.

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதைத் தள்ளிப்போட வேண்டாம். குழந்தை கதறும்போது நீங்கள் படத்தை நிறுத்தியது சரிதான். ஆனால் உங்கள் மகளைப் பொறுத்தவரை அந்தக் கதை இன்னும் முடியவில்லை. பட்டன் கண் அம்மா, படத்துச் சிறுமி திறந்து போகிற அந்தச் சின்னக் கதவுக்குப் பின்னால் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். பத்து நாளாக உங்கள் வீட்டு இருட்டில் இருப்பவள் அவள்தான். அதனால் கதையின் முடிவைச் சொல்லிவிடுங்கள். படத்தைப் போட வேண்டாம், வாயால் சொன்னால் போதும். பகல் வெளிச்சத்தில், அவள் படம் வரைந்துகொண்டோ விளையாடிக்கொண்டோ இருக்கும்போது, சாதாரணக் குரலில் சொல்லுங்கள்: “அன்னைக்குப் பார்த்தோமே, அந்தப் படத்துல அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? அந்தப் பொண்ணு ஜெயிச்சுட்டா. கதவைப் பூட்டிட்டா. சாவிய ஆழமான கிணத்துக்குள்ள போட்டாச்சு. அவளோட நிஜ அம்மாவும் அப்பாவும் பத்திரமா வீட்டுக்கு வந்துட்டாங்க.” படத்தின் முடிவும் இதுதான், நீங்கள் பொய் சொல்லவில்லை. நடுவில் வருகிற மிரட்டலான விவரங்கள் அவளுக்கு இப்போது தேவையில்லை. “சாவி கிணத்துலேர்ந்து வெளிய வராதா?” என்று பத்துத் தடவை கேட்பாள். பத்துத் தடவையும் அதே பதிலை, அதே பொறுமையோடு சொல்லுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் குழந்தைகள் ஒரு விஷயத்தை மனதுக்குள் இறக்கிக்கொள்கிறார்கள்.

இந்தப் படம் ஏன் அவளை இப்படி உலுக்கியது என்று பார்ப்போம். ‘கோரலைன்’ 2009இல் வந்தது. ஹென்றி செலிக் இயக்கிய ஸ்டாப் மோஷன் படம், அதாவது பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு அசைவாகப் படம்பிடித்தது. நல்ல படம். அந்தச் சிறுமியின் தைரியமும் உண்மையான தைரியம்தான். உங்கள் தோழி கதையைத் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் ஒன்பது பத்து வயதுக் குழந்தைக்கும் ஆறு வயதுக் குழந்தைக்கும் பயம் வருகிற வாசல் வேறு. அமெரிக்க ஆய்வாளர் ஜோன் கேன்டர், குழந்தைகள் திரையில் எதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்பதைப் பல வருடங்கள் ஆராய்ந்தவர். ஏழெட்டு வயதுக்குக் கீழே இருக்கிற குழந்தைகளைத் தோற்றம்தான் அதிகம் பயமுறுத்துகிறது என்று அவருடைய ஆய்வுகள் காட்டின. கோரமான முகம், திடீரென்று உருமாறும் உடல், பெரிய சத்தம், இவையெல்லாம் கதையில் நல்லவருடையதாக இருந்தாலும் சின்னக் குழந்தைக்கு நடுக்கம்தான். வயது ஏற ஏறத்தான் ‘என்ன நடந்துவிடுமோ’ என்கிற பயம் முன்னுக்கு வருகிறது.

உங்கள் மகளுக்கு உலகத்திலேயே பத்திரமான பொருள் அம்மாவின் முகம். படம் கைவைத்தது அதில்தான். அந்தப் பெண் கடைசியில் ஜெயிப்பாள் என்பதெல்லாம் அவளுக்கு எட்டவே இல்லை. “அது நிஜமில்லடா, வெறும் பொம்மை” என்று நீங்கள் சொல்லிப் பார்த்திருப்பீர்கள், பலித்திருக்காது. இந்த விளக்கம் பெரிய குழந்தைகளுக்குத்தான் உதவுகிறது என்பதையும் கேன்டரின் ஆய்வுகளில் பார்க்கலாம். சின்னவர்களுக்கு மடியில் உட்கார்வது, போர்வையையோ பொம்மையையோ கட்டிக்கொள்வது, ஒரு வாய் தண்ணீர் குடிப்பது, இவைதான் மருந்து.

அனிமேஷன் என்றாலே குழந்தைகளுக்கானது என்று நாம் எல்லோருமே நம்பிவிடுகிறோம். 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. 1937 முதல் 2013 வரை நன்றாக ஓடிய 45 குழந்தைகள் அனிமேஷன் படங்களை எடுத்துக்கொண்டு, அதே காலத்தில் வந்த பெரியவர்களுக்கான படங்களோடு ஒப்பிட்டார்கள். முக்கியமான ஒரு பாத்திரம் திரையிலேயே இறந்துபோவது பெரியவர்கள் படங்களில் பாதியில்தான். குழந்தைகள் படங்களில் மூன்றில் இரண்டில். ஆகவே அட்டைப் படத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். நீங்கள் ஒரு தடவை தனியாகப் பார்த்த பிறகே குழந்தைக்குக் காட்டுங்கள்.

சரி, உங்கள் கணவர் சொல்வதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. விலகி ஓட ஓடப் பயம் வளரும். ஓடியவுடன் கிடைக்கிற நிம்மதி, ‘ஓடியதால்தான் தப்பித்தோம்’ என்று மனதுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. அதனால் பயப்படுகிற பொருளின் பக்கத்தில் போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் எவ்வளவு தூரத்தில் தொடங்குவது, எந்த வேகத்தில் போவது, யார் கையைப் பிடித்துக்கொண்டு போவது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பிடித்து உட்காரவைத்து முழுப் படத்தையும் காட்டினால் அவள் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: நான் வேண்டாம் என்று அழுதாலும் நிறுத்த மாட்டார்கள்.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. என் மகனுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது தியேட்டரில் ஒரு படம் பார்த்தோம். அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே போகலாம் என்றான். “கண்ணத் திறந்து பாரு, இதோ முடியப் போகுது” என்று சொல்லி அவன் கையை முகத்திலிருந்து எடுத்துவிட்டேன். அதன்பிறகு பல மாதங்கள் தியேட்டர் வாசலைக் கண்டாலே என் முந்தானைக்குள் ஒளிந்துகொள்வான். படிப்பெல்லாம் படித்திருந்தும் அப்போது அப்படிச் செய்தேனே என்பது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

எப்படிப் பக்கத்தில் போவது என்பதற்கு நூறு வருடங்களுக்கு முந்தைய ஓர் உதாரணம் உண்டு. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்கிற உளவியலாளர், மூன்று வயதுகூட நிறையாத பீட்டர் என்கிற குழந்தையைப் பற்றி எழுதினார். அவனுக்கு முயலென்றால் பயம். அவன் தனக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கூண்டுக்குள் முயலை வைத்து அறையின் மறு மூலையில் கொண்டுவந்து வைத்தார்கள். அவன் முகம் மாறாத தூரம் எதுவோ அதுவரைக்கும்தான். அடுத்த நாள் கொஞ்சம் கிட்டே, அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். முயலுக்குப் பயப்படாத மற்ற குழந்தைகளும் சில சமயம் கூட இருந்தார்கள். கடைசியில் முயல் தன் விரலைக் கொறிப்பதற்குக்கூட அவன் விட்டுவிட்டான்.

உங்கள் வீட்டில் முயலுக்குப் பதில் பட்டன். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் நாலைந்து கலர் பட்டன்களைப் போட்டு, இறுக மூடி, அவள் வரைகிற மேஜையிலிருந்து தள்ளியே வையுங்கள். எதுவும் சொல்ல வேண்டாம். இரண்டு நாளில் அது வெறும் பாட்டிலாகிவிடும். அப்புறம் கொஞ்சம் கிட்டே. அப்புறம் அவளே குலுக்கிச் சத்தம் கேட்கலாம். அப்புறம் மூடியைத் திறந்து கலர் கலராகப் பிரித்து வைக்கிற விளையாட்டு. சட்டை கடைசியில்தான். “பாரு, ஒண்ணும் ஆகல இல்ல?” என்று நடுவில் வெற்றி அறிவிப்பு செய்யாதீர்கள். அவளே கண்டுபிடிக்கட்டும். அதுவரை பட்டன் இல்லாத உடுப்பு போட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. பயத்தைப் போக்கும் படங்கள் உண்டா?

உண்டு. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவும் அவருடைய சகாக்களும் 1967இல் நாய்க்குப் பயப்படுகிற மூன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகளோடு ஓர் ஆய்வு செய்தார்கள். நான்கு வயதுப் பையன் ஒருவன் நாயோடு விளையாடுவதை அந்தக் குழந்தைகள் பார்த்தார்கள். ஒரே நாளில் கட்டிப்பிடிக்கவில்லை. முதலில் எட்ட நின்று பேசினான், அப்புறம் தொட்டான், அப்புறம் கூடவே உட்கார்ந்தான். ஒவ்வொரு தடவையும் சில நிமிடங்கள்தான், மொத்தம் எட்டுத் தடவை. முடிவில் அப்படிப் பார்த்த குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் நாயோடு தனியாக ஒரு தடுப்புக்குள் இருக்கத் தயாரானார்கள். மறு வருடமே இதைத் திரைப்படமாக எடுத்துக் காட்டிப் பார்த்தார்கள். அதுவும் பலித்தது. ஒரே பையன் வருகிற படத்தைவிட, பல குழந்தைகள் பலவிதமான நாய்களோடு பழகுகிற படம் இன்னும் நன்றாகப் பலித்தது.

1975இல் இன்னொன்று. அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனைக்கு வந்த 4 முதல் 12 வயது வரையிலான 60 குழந்தைகளில் ஒரு பாதிக்கு 16 நிமிடப் படம் ஒன்றைக் காட்டினார்கள். அதில் ஏழு வயதுப் பையன் ஒருவன் மருத்துவமனையில் சேர்வதிலிருந்து வீடு திரும்புவதுவரை தனக்கு எங்கெங்கே பயமாக இருந்தது என்று தன் வாயாலேயே சொல்கிறான். பயந்தான், ஆனாலும் ஒவ்வொன்றையும் முடித்தான். அந்தப் படத்தைப் பார்த்த குழந்தைகளுக்குப் பதற்றம் குறைவாக இருந்தது, சிகிச்சைக்கு முன்பும் பின்பும்.

நான் படம் தேர்ந்தெடுக்கும்போது மனதில் வைத்துக்கொள்வது இதைத்தான். பயமே தெரியாத வீரன் வருகிற படம் பயந்த குழந்தைக்கு உதவாது. அவனைப் பார்த்து அவள் கைதட்டுவாள், ஆனால் ‘அவன் வேற, நான் வேற’ என்று உள்ளுக்குள் தெரியும். கால் நடுங்குகிற ஒருவன், நடுங்கிக்கொண்டே ஓர் அடி வைப்பதைக் காட்டுகிற படம் வேண்டும். அந்த அடியும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சின்னதாக இருக்க வேண்டும்.

இதற்கு எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த காட்சி 2010இல் வந்த ‘ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்’ படத்தில் இருக்கிறது. டிராகன்களைக் கொல்வதே பெருமை என்று நினைக்கிற ஊரில் பிறந்த ஹிக்கப் என்கிற ஒல்லிப் பையனால், அடிபட்டுக் கிடக்கிற டிராகனைக் கொல்ல முடியவில்லை. அப்புறம் ஒரு மீனை எடுத்துக்கொண்டு அதைத் தேடிப் போகிறான். இடுப்பில் இருந்த கத்தியைப் பார்த்து அது உறுமுகிறது, கத்தியைத் தூக்கிப் போட்டுவிடுகிறான். மீனைத் தின்ற டிராகன் அதில் பாதியை அவனுக்கே கக்கிக் கொடுக்கிறது. வேறு வழியில்லாமல் ஒரு கடி கடித்து விழுங்குகிறான். அவன் மணலில் கோடு போட, அதுவும் ஒரு மரக்கிளையைக் கவ்விக்கொண்டு கோடு கோடாக இழுக்கிறது. அந்தக் கோடுகளை மிதித்தால் அதற்குக் கோபம் வருகிறது, அதனால் மிதிக்காமல் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் அதன் முகத்துக்கு நேரே நிற்கிறான். கையை நீட்டுகிறான். அது பின்வாங்குகிறது. அப்போது அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை மூடி, கையை மட்டும் நீட்டுகிறான். மிச்சம் இருக்கிற அந்தக் கொஞ்ச தூரத்தை டிராகன் தாண்டி வந்து, தன் மூக்கை அவன் உள்ளங்கையில் வைக்கிறது.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஏழு வயதுப் பையன் ஒருவனுக்கு நாயென்றால் தெருவில் இறங்க முடியாத பயம். அவனோடு இந்தக் காட்சியை மட்டும் பார்த்தேன். முடிந்ததும் “இன்னொரு வாட்டி” என்றான். நான்காவது தடவை ஓடும்போது திரும்பிப் பார்த்தேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு வலது கையை டிவியைப் பார்த்து நீட்டியிருந்தான், விரல்கள் விரிந்து லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன. நான் எதுவும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து, தெரிந்தவர் வீட்டில் கட்டிப்போட்டிருந்த ஒரு கிழ நாயின் முன்னால் அதே மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினானாம். அவன் அம்மா போன் செய்து சொல்லும்போது அழுதுவிட்டார்.

கவனியுங்கள், காட்சியை மட்டும் என்றேன். அந்தப் படத்தின் தொடக்கத்திலும் கடைசியிலும் சண்டையும் நெருப்பும் அதிகம், முடிவில் ஹிக்கப் ஒரு பாதத்தை இழந்துவிடுகிறான். ஆறு வயதுக்கு முழுப் படமும் வேண்டாம். நடுவில் சில நிமிடங்கள் போதும். குழந்தைக்கு ஒரு படத்தை முழுக்கக் காட்டியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

முழுப் படமாகக் காட்ட வேண்டுமென்றால், உங்கள் மகளுக்கு முதலில் ‘மை நெய்பர் டோட்டோரோ’. ஹயாவோ மியாசாகி 1988இல் எடுத்த ஜப்பானியப் படம். வில்லனே கிடையாது. இரண்டு சிறுமிகள் அப்பாவோடு ஒரு பழைய வீட்டுக்குக் குடிவருகிறார்கள். மூலை முடுக்கெல்லாம் இருட்டு, கரித்துகள் மாதிரி குட்டிக் குட்டி உருவங்கள் ஓடி ஒளிகின்றன. ராத்திரி மூன்று பேரும் குளித்துக்கொண்டிருக்கும்போது காற்று வீட்டையே ஆட்டுகிறது. பிள்ளைகள் மிரள்கிறார்கள். அப்பா “ஒன்றுமில்லை” என்று சொல்லவில்லை. சத்தம் போட்டுச் சிரிக்கத் தொடங்குகிறார், பிள்ளைகளையும் சிரிக்கச் சொல்கிறார். மூன்று பேரும் தண்ணீரை அடித்து அடித்துச் சிரிக்கிறார்கள். இதை அன்றைக்கே உங்கள் வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: அம்மா மருத்துவமனையில் இருப்பதும், தங்கச்சி காணாமல் போவதும் கதையில் உண்டு. இரண்டுமே நல்லபடியாக முடியும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

‘மான்ஸ்டர்ஸ் இன்க்’ பலரும் பரிந்துரைக்கிற படம். 2001இல் வந்தது. அலமாரிக் கதவு வழியாக வந்து பயமுறுத்துகிற பூதங்களுக்குக் குழந்தைகளைக் கண்டால்தான் பயம் என்று கதையைத் தலைகீழாக்கியிருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். குழந்தையின் அலறலைவிடச் சிரிப்புக்குச் சக்தி அதிகம் என்று முடிவதும் அழகு. ஆனாலும் இப்போது வேண்டாம். தொடக்கக் காட்சியே இருட்டறையில் தூங்குகிற பையனும் கட்டிலுக்குப் பக்கத்தில் எழுகிற நிழலும்தான். இதுவரை அலமாரியை நினைத்துப் பயப்படாத குழந்தைக்கு நாமே அலமாரியையும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும். ஒரு வருடம் போகட்டும்.

இருட்டைப் பற்றியே ஒரு படம் இருக்கிறது: 2024இல் வந்த ‘ஓரியன் அண்ட் த டார்க்’. எதற்கெடுத்தாலும் பயப்படுகிற பையனிடம் இருட்டே நேரில் வந்து, ‘என்னைப் பார்த்து ஏன் இப்படி அலறுகிறாய்’ என்று மனம் நொந்து கேட்கிறது. அப்புறம் அவனைக் கூட்டிக்கொண்டு ஊர் உலகமெல்லாம் தன் வேலையைச் சுற்றிக் காட்டுகிறது. இருட்டுக்கும் ஒரு மனது உண்டு, அதற்கும் வேலை உண்டு என்கிற இந்த எண்ணத்தைப் படம் இல்லாமலே நீங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். படத்தைப் பொறுத்தவரை, கதைக்குள் கதையாகப் போவதும், இல்லாமல் போவதைப் பற்றிய கேள்விகளும் இருப்பதால் எட்டு வயதுக்கு மேல் சரியாக இருக்கும்.

ஒரு சிறுமியின் மனதுக்குள் இருக்கிற உணர்ச்சிகளே பாத்திரங்களாக வருகிற ‘இன்சைட் அவுட்’ படத்தில் பயம் என்கிற பாத்திரம் அறிமுகமாகிற இடத்தை மட்டும் காட்டுங்கள். குட்டிப் பெண் ஓடி வருகிறாள், தரையில் ஒரு வயர் கிடக்கிறது, பயம் சட்டென்று அவளை நிதானப்படுத்தித் தாண்டவைக்கிறது. பயம் நம்மைப் பார்த்துக்கொள்கிற ஆள் என்பது ஆறு வயதுக்கும் புரிகிறது. ஆழ்மனதில் ஒரு ராட்சதக் கோமாளி வருகிற காட்சி அவளுக்கு வேண்டாம்.

‘ஃபைண்டிங் நீமோ’வை உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் சிபாரிசு செய்கிறேன், மகள் தூங்கிய பிறகு. 2003இல் வந்த அந்தப் படத்தில் பயந்தவன் குட்டி மீன் இல்லை, அப்பா. மனைவியையும் முட்டைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்தவர். மிஞ்சிய ஒரே மகன் பள்ளிக்குக் கிளம்புகிற முதல் நாள், வீட்டு வாசலில் வெளியே போய், உள்ளே வந்து, மறுபடி வெளியே போய், மறுபடி உள்ளே வருகிறார். எல்லாம் அன்பினால்தான். கடைசியில் அதே மகன் மீன்கள் மாட்டிக்கொண்ட வலைக்குள் தானே போக வேண்டும் என்கிறான். பிடித்துவைத்திருந்த பிள்ளையை அப்பா விடுகிறார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மகள் “அம்மா” என்று கூப்பிடுவதற்கு முன்பே நீங்கள் எழுந்து விளக்கைப் போட்டுவிடுகிறீர்களோ என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது எனக்குத் தோன்றியது. நான் தவறாக ஊகித்திருந்தால் மன்னியுங்கள்.

எந்தப் படமானாலும் பகலில் பாருங்கள், அறையில் விளக்கு எரியட்டும், அவள் உங்கள் மடியிலோ தோளோரமோ இருக்கட்டும். ரிமோட்டை அவள் கையில் கொடுங்கள். எப்போது வேண்டுமானாலும் பாஸ் செய்யலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. நிறுத்துகிற அதிகாரம் தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்த குழந்தை நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே பார்க்கும். மிரட்டலான காட்சியில் பாதி பயம் சத்தத்தில் இருக்கிறது. ஒலியைக் குறைத்தாலே முகம் தெளிவதைப் பார்ப்பீர்கள். ஒரே படத்தை இருபது தடவை கேட்டால் இருபது தடவை போடுங்கள். அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு பயத்தை அவள் ஒவ்வொரு தடவையும் ஜெயிக்கிறாள்.

படம் முடிந்ததும் “பார்த்தியா, அவன் எவ்ளோ தைரியமா இருக்கான், நீயும் இருக்கியே” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நட்பாகிவிட்ட ஒரு பாத்திரத்தை ஒரே வரியில் அவளுக்குப் போட்டியாக்கிவிடும் அந்தப் பேச்சு. அதற்குப் பதில் “அவனுக்குப் பயம் எங்க வந்திருக்கும், வயித்துலயா, காலுலயா? உனக்கு எங்க வரும்?” என்று கேளுங்கள். அவள் சொல்வதை வரையச் சொல்லலாம்.

அடுத்தது வீட்டு இருட்டு. படம் வழியைக் காட்டும், நடப்பது வீட்டில்தான். ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2006இல் இருட்டுக்குப் பயப்படுகிற 4 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்குப் பெற்றோரையே சிகிச்சையாளராக்கினார்கள். கதை வாசித்து, வீட்டிலேயே விளையாட்டு நடத்தி, குழந்தைகளின் பயம் குறைந்தது. நீங்களும் தூங்குகிற நேரத்தில் தொடங்காமல் சாயங்காலம் விளையாட்டாகத் தொடங்குங்கள். திரைச்சீலையை இழுத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் சுவரில் கையால் மானும் பறவையும் செய்யுங்கள். இருட்டு இருந்தால்தான் மான் வரும் என்று அவளே கண்டுபிடிப்பாள். அப்புறம் அரை இருட்டான அறையில் ஒரு பொம்மையை ஒளித்துவைத்து டார்ச்சோடு தேடச் சொல்லுங்கள், நீங்கள் வாசலில் நின்று பாடிக்கொண்டிருங்கள். பாட்டு கேட்கிற தூரம் மெல்ல மெல்லக் கூடட்டும். பாத்ரூமுக்கு இன்றைக்கு வாசல்வரை கூடப் போனால், அடுத்த வாரம் நடைவழியின் பாதிவரை. அவள் ஓர் அடி பின்வாங்கினால் நீங்களும் வாங்குங்கள், தோற்றதாக நினைக்க வேண்டாம். திரும்பி வந்ததும் “பயமா இருந்துச்சு இல்ல, ஆனாலும் போயிட்டு வந்துட்டியே” என்று சொல்லுங்கள். பயத்தையும் போனதையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொல்வது முக்கியம்.

நைட் லேம்ப் எரிந்தால் எரியட்டும். வீட்டில் யாராவது பூச்சாண்டி வருகிறான் என்று சொல்லிச் சாப்பிடவோ தூங்கவோ வைக்கிற வழக்கம் இருந்தால் அதை இன்றோடு நிறுத்த வேண்டும். உங்கள் மாமியார் படம் வேண்டாம் என்பது பேத்தி மேல் உள்ள பாசத்தால்தான். இரண்டு வாரம் எந்தப் புதுப் படமும் காட்டாமல் அவர் சொன்னபடியே இருங்கள். அந்த இரண்டு வாரத்தில் டார்ச் விளையாட்டை அவரே நடத்தட்டும். இருட்டில் பாட்டியின் குரல் கேட்டுக்கொண்டிருப்பதைவிடப் பெரிய துணை எது?

ஒன்று கேட்க வேண்டும். இருட்டுப் பயம் இந்த வயதில் சர்வசாதாரணம். ஆனால் ஒரு வருடமாக என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வருடத்துக்கு முன்னால் ஏதாவது மாறியதா? தனிக் கட்டில், புது வீடு, புதுப் பாப்பா, வீட்டில் ஒரு சாவு, பெரியவர்களுக்குள் சண்டை? நிதானமாக யோசித்துப் பாருங்கள். அல்லது குறிப்பிட்ட ஓர் ஆளைக் கண்டோ ஓர் இடத்துக்குப் போகச் சொன்னாலோ அவள் உடம்பு விறைக்கிறதா? அப்படி இருந்தால் படம், விளையாட்டு எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு, அவசரப்படுத்தாமல், அவள் சொல்வதை நம்பிக் கேளுங்கள். உடனே குழந்தைகள் மனநல நிபுணரையும் பாருங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், மேலே சொன்னதை ஆறேழு வாரம் செய்து பாருங்கள். அதற்குப் பிறகும் அவளுக்குத் தூக்கம் சரியாக வரவில்லை, பள்ளிக்குப் போக முரண்டு பிடிக்கிறாள், வயிற்றுவலி தலைவலி என்று அடிக்கடி சொல்கிறாள், அல்லது பயம் புதிது புதிதாக மற்ற விஷயங்களுக்கும் பரவுகிறது என்றால் ஒரு நிபுணரை நேரில் பார்ப்பது நல்லது. இந்த வயதில் பெரும்பாலும் மருந்தில்லாமலே, இதே மாதிரி படிப்படியான பயிற்சியிலேயே நன்றாகிவிடுகிறது.

‘கோரலைன்’ படத்தை எங்கேயாவது சேமித்து வைத்திருந்தால் அழித்துவிட வேண்டாம், அவள் கண்ணில் படாமல் வைத்திருங்கள். இன்னும் மூன்று நான்கு வருடத்தில் ஒருநாள் அவளே வந்து, “அம்மா, அந்தப் பட்டன் படம் இருக்கா?” என்று கேட்கக்கூடும். அன்றைக்கும் ரிமோட்டை அவள் கையிலேயே கொடுங்கள்.